பாறை தெரிதல்

மேசை கிடையாது. பிக்கப்பின் பொனற்றில்
நாலு கடதாசியையும் விரித்தோம்.
கச்சான் காற்று இழுத்துப் போகாதிருக்க
மேலே கல் வைத்தோம், றோட்டோரக் கல்.
காட்டுக்குள் கிடக்கும் கல்லை
நாங்கள் தூக்குவதில்லை.
பழக்கம்.

ஆவணியில் பதினேழு நாள் லீவு.
எமில்டாவிடம் மூன்று வருடச் சீட்டுக்காசு,
என்னிடம் மோட்டார்சைக்கிள் விற்ற காசு.
அம்பகாமத்துக் காட்டில்
நாளொன்றுக்குப் பத்துச் சதுர மீற்றர்
முழங்காலில் நகருகிற இரண்டு பெண்கள்
வெளிநாட்டுக்குப் பாறை ஏறப் போகினமாம்.
சாரதி சாந்தரூபன் சிரிக்கிறான்:
"வன்னியில புத்துத்தான் உயரம்.
எங்கயடி பழகினியள்?"

நெடுங்கேணிக்கு அப்பால் ஒரு பாறை,
எருமை படுத்த மாதிரி, பதினெட்டு அடி.
ஊர் திரும்பிய அதிகாரி ஒருத்தி விட்டுப்போன கயிறு,
இரண்டு இடுப்புப் பட்டி.
ஞாயிறு ஞாயிறாய் அந்த எருமையில்
இருபது வழி கண்டுபிடித்தோம்,
பெயரும் வைத்தோம்:
'சம்பளம் பிந்தும்',
'முசிறுக்கூடு',
'மாமி பாக்கிறா'.

தாய்லாந்து.
கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புப் பாறை.
ஆவணியில் அங்கே மழை, கல் வியர்க்கும், பிடி வழுக்கும்.
வெட்டு.

ஹம்பி. உருண்டை உருண்டையாய்ப் பாறை,
கிட்ட, மலிவு. கயிறு வேண்டாம்,
விழுவதற்கு மெத்தை காவவேணும்.
"வெயிலுக்குக் காசு குடுத்துப் போறதோ?
அது எங்கட முத்தத்தில சும்மா கிடக்கு."
வெட்டினது எமில்டா.

லடாக். குளிர், கருங்கல், விசா சுகம்.
ஆனால் பதினோராயிரம் அடியில்
கடல்மட்டத்தில் பிறந்த நெஞ்சு
முதல் மூன்று நாளும் படுத்தே கிடக்குமாம்.
பதினேழில் மூன்று போனால்?
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பொஸ்னியா.
ஆற்றுக்கு மேலே வெள்ளைச் சுவர்,
பின்னேரம் முழுக்க நிழல்,
அடியில் இறங்கினால் நல்ல கோப்பி.
விசாவுக்கு எந்த ஊரில் போய் நிற்பதென்றே தெரியாது;
எங்கள் பாஸ்போட் எங்களைக் காட்டிலும் பாரம்.
கடைசிப் பந்தியில் சின்ன எழுத்து:
குறித்த பாதையை விட்டு விலகவேண்டாம்.
சிவப்புப் பலகை கண்டால் நின்று
வந்த காலடியிலேயே திரும்பவும்.

இருவரும் ஒன்றாய்த்தான் வாசித்து முடித்தோம்.
எமில்டா சிரித்த சிரிப்புக்கு
குளக்கட்டில் நின்ற ஆட்காட்டி எழும்பிக் கத்தியது.
"உதைப் பாக்க உவ்வளவு தூரம் போகவேணுமோடி?
லீவெண்டா லீவா இருக்கவேணும்."
வெட்டினாள். பேனை
கடதாசியையும் கிழித்தது.

எனக்குப் பாறை பிடித்ததற்குப் பெரிய காரணம் இல்லை.
அதற்குள் ஒருவரும் எதையும் புதைக்கேலாது.
வெடிப்புக்குள் விரலை முழுதாய் நுழைக்கலாம்,
ஆகக்கூடினால் ஒரு பல்லி.
விழுந்தாலும் கயிறு, அது தெரிந்த கணக்கு.
கொஞ்சம் மேலே போனால்
காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பது
எவ்வளவு நல்ல சொல்.

இரவு பத்தரைக்கு அவளின் குரல்செய்தி.
பின்னால் மின்விசிறி,
மகன் ஏழாம் வாய்ப்பாட்டில் தடக்குப்படுகிறான்.
"அந்தச் சுவருக்குப் போற பாதையை
ஆரோ ஒருத்தி முழங்காலில போய்த்தானே
துப்பரவாக்கியிருப்பாள்.
வேலை முடிய, நாரி நோவோட
அவளும் ஒருக்கால் ஏறிப் பாத்திருப்பாளோ?"
பிறகு கொஞ்சநேரம் மின்விசிறி மட்டும்.
"கிழிஞ்சதை எறிஞ்சிட்டியோ?"

எறியவில்லை.
மடித்து, ஏறுகிற சப்பாத்துக்குள் வைத்திருக்கிறேன்.
இரவல் சப்பாத்து, ஒரு அளவு சின்னன்,
விரல் மடங்கித்தான் நிற்கும்.

ஐந்தேமுக்காலுக்கு வாகனம் வரும்.
லடாக்கின் கேள்விக்குறி அப்படியே நிற்கிறது.
சாந்தரூபனிடம்
பசை இருக்கோ எண்டு கேக்கவேணும்.